நூல் கட்டிய பாட்டில்

"கத்திரி பட்டுடுச்சு டாக்டர்" என்று அண்ணன் சொன்னபோது, அவன் கையைச் சுற்றியிருந்த துணியை நான்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தையல் கடையில் யாரோ அளவுக்காகக் கொடுத்துவிட்டுப் போன வெள்ளைச் சட்டை அது. அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அதுதான். பாதி சிவந்து, சிவந்த இடம் கறுக்க ஆரம்பித்திருந்தது. கத்திரியாம்! மீசை அரும்புவதற்கு முன்பிருந்து கத்திரி பிடிக்கிறவன். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே நான்கு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டுகிறவன். ஒருநாள்கூட ஒரு கீறல் விழுந்து நான் பார்த்ததில்லை. அவனைப் போய்க் கத்திரி வெட்டிவிட்டதாம்.

டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. துணியை மெதுவாகப் பிரித்துப் பார்த்தாள். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வாய் பிளந்திருந்தது.

"நீங்க எந்தக் கையால கத்திரி பிடிப்பீங்க?"

"வலது கையாலதான்."

"வெட்டு வலது கையிலதானே இருக்கு?"

அண்ணன் கண் வாசல் பக்கம் போயிற்று. டாக்டரம்மா நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். அங்கே கதவில் சாய்ந்தபடி போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். பார்த்தவள் மறுபடி குனிந்து, கத்திரி என்றே எழுதிக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி எறிந்திருப்பேன். கையை விட்டால் ரத்தம் கொட்டுமே என்று சும்மா இருந்தேன்.

அந்தப் போலீஸ்காரருக்கு எங்கள் தெருவில் 'நல்லதுக்கு' என்று பெயர். வாயைத் திறந்தால் "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு ஆட்டோவிலும் எங்களோடு ஏறிக்கொண்டு, அண்ணன் கையிலிருந்து சொட்டுவது தன் ஷூவில் படாமல் காலை ஒடுக்கிக்கொண்டு அதையேதான் சொன்னார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் டெய்லர். கத்திரி பட்டுச்சுன்னு சொல்லிடு. சண்டைன்னு சொன்னா, எதுக்கு சண்டைன்னு வரும். எதுக்குன்னு வந்தா நூல் விஷயம் வரும். நூல் விஷயம் வந்தா லைசென்ஸ் இல்லாம சரக்கு பங்கு வெச்ச கேஸ் உன் மேலதான் விழும். கடைக்கு சீல் வெச்சிருவாங்க." அண்ணன் தலையாட்டினான். வலியில் ஆட்டினானா, சம்மதித்து ஆட்டினானா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நூல் விஷயம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என் அண்ணன் ஏதோ சாராயம் விற்றவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். இருமல் மருந்து குடித்தாலே தள்ளாடுகிற பிறவி அவன்.

எங்கள் தையல் கடைக்குப் பக்கத்துக் கட்டடம் அரசாங்க மதுக்கடை. எத்தனையோ காலமாக இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்கள் கால் பாட்டில் ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய வீட்டுப் பெண்கள் எங்கள் கடைக்கு வந்து, கிழிந்த ஜாக்கெட்டை நீட்டி, எப்படிக் கிழிந்தது என்று சொல்லாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வந்தவன் தன் பாட்டிலோடு போனான். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அப்புறம் மேலே இருக்கிற யாருக்கோ ஞானம் பிறந்தது. சின்னப் பாட்டில் மலிவாகக் கிடைப்பதால்தானே ஏழைகள் குடிக்கிறார்கள்? சின்னப் பாட்டிலை ஒழித்துவிட்டால்? காலும் கிடையாது, அரையும் கிடையாது, இனிமேல் முழுப் பாட்டில் மட்டும்தான் என்று சட்டம் போட்டார்கள். அவ்வளவு காசு ஒரே ஆளிடம் இருக்காது, குடியை விட்டுவிடுவான் என்று கணக்கு. அடப்பாவிகளா! குடிக்காமல் இருந்தால் கை நடுங்குகிறவனைப் பற்றி ஒருவருக்குமா தெரியாது? மறுநாளே மூன்று பேர் மூன்று பேராகச் சேர ஆரம்பித்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவன் தோளில் கை போட்டு, "ஒரு ஆள் குறையுது, வர்றியா?" என்று கடை வாசலில் கூவினார்கள். கால் பாட்டில் குடித்தவன் இப்போது மூன்றில் ஒரு பங்கு குடித்தான். குறைக்கத்தான் சட்டம் போட்டார்கள், அளவு கூடிப் போயிற்று.

பங்கு என்று வந்தால் சண்டை வராமல் இருக்குமா? சொத்துக்கே வருகிறது. அதுவும் நிதானமாக ஊற்றிப் பங்கு பிரிக்கவும் வழியில்லை. கடைப் பக்கத்தில் நின்று குடிக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம். கடையோரம் குடிக்கிறவர்களுக்குக் கிளாஸ் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை லைசென்ஸ் இல்லாமல் பார் நடத்தியதாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதனால் சந்தில் நின்று, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலில் அவசர அவசரமாக ஊற்றிக்கொள்வார்கள். ஒருவனுடையது ஒல்லி, ஒருவனுடையது குட்டை. எவனுக்கு எவ்வளவு போனது என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது. முதல் வாரத்திலேயே எங்கள் கடை வாசலில் பெயிண்டர் ஒருவரை இன்னொருத்தன் அடித்ததில் அவர் பல் தெறித்து வந்து, நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட யூனிஃபார்ம் குவியலில் விழுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். பெயிண்டர் பல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "தேங்ஸ் தங்கச்சி" என்றார். அவரை என்ன செய்வது!

அன்றைக்குத்தான் அண்ணன் நூலை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

தையல்காரனுக்குத் தோன்றுகிற யோசனை அது. காலிப் பாட்டில் ஒன்றில் சம அளவாக மூன்று முறை தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் எங்கே நிற்கிறது என்று இஞ்ச் டேப்பால் அளந்து வைத்துக்கொண்டான். பிறகு யார் பாட்டில் கொண்டுவந்தாலும், மூடியைத் திறப்பதற்கு முன்பே, அந்த அளவில் சுற்றி இரண்டு நூல் கட்டிக் கொடுத்துவிடுவான். மேலே சிவப்பு, கீழே நீலம். சிவப்பு வரைக்கும் ஒருத்தன், நீலம் வரைக்கும் ஒருத்தன், மிச்சம் மூன்றாவது ஆளுக்கு. திறக்கும் முன்பே பங்கு தெரிந்துவிடுவதால் பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. நூலுக்கு நூல் இடைவெளி ஒரே மாதிரி இருக்காது. பாட்டிலின் அடிப்பாகம் உள்ளே குழிந்து மேடாக இருக்கிறதல்லவா, அந்த மேடு இடத்தை அடைத்துக்கொள்வதால் அடிப் பங்கு பார்வைக்குப் பெரிதாகத் தெரியும். மேலே கழுத்து ஒடுங்கிப் போவதால் மேல் பங்கும் உயரமாகத் தெரியும். நடுவில் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் ஒடுங்கின மாதிரி இருக்கும். அதனால் புதிதாக யார் வந்தாலும் அண்ணன் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி, "கட்டைவிரலை வெச்சுப் பாரு" என்பான். அவன் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "அட, ஆமா!" என்று சிரிப்பான். அதற்கப்புறம் அவன் வாயைத் திறக்க மாட்டான்.

எனக்குப் பிடிக்கவே இல்லை. "உனக்கு என்ன தலையெழுத்தா? துணி தைக்கிற நூலால குடிகாரனுக்குப் பங்கு கட்டிக்கிட்டு! நாளைக்கு நம்மளைத்தான் பிடிப்பாங்க" என்று தினமும் சண்டை போட்டேன். அண்ணியும் முணுமுணுத்தாள். அவனோ மிஷினை மிதித்துக்கொண்டே, "ரெண்டு முழம் நூல்ல ஒருத்தன் மண்டை உடையாம இருக்குன்னா கட்டிட்டுப் போறேன் விடு" என்பான். உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் கட்ட ஆரம்பித்த பிறகு எங்கள் சந்தில் ஒரு சொட்டு ரத்தம் விழவில்லை. மற்ற கடைகளின் பக்கமெல்லாம் விழுந்தது. இதே 'நல்லதுக்கு' எத்தனையோ தடவை எங்கள் கடைக்குள் வந்து உட்கார்ந்து, "டெய்லரு, நீ ஒரு ஆள் பத்து போலீஸுக்கு சமம்யா" என்று சொல்லியிருக்கிறார். அவருடைய காக்கிப் பேண்ட்டின் இடுப்பை அண்ணன் இலவசமாகத் தளர்த்திக் கொடுத்திருக்கிறான். அந்த மனுஷன்தான் ஆட்டோவில் லைசென்ஸ் பேசினார்.

அன்று நடந்தது இதுதான். பள்ளிக்கூட யூனிஃபார்ம் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். அண்ணன் தலை நிமிரவில்லை. உச்சி வெயிலில் மூன்று பேர் பாட்டிலோடு வந்தார்கள். பெயிண்டர், வாட்ச்மேன், கூடவே லாரியில் மூட்டை ஏற்ற வந்த ஒரு புது ஆள். பெயர் தெரியாததால் எல்லோரும் அவனைப் புதுசு என்றே கூப்பிட்டார்கள். அண்ணன் மளமளவென்று நூலைக் கட்டிக் கொடுத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினான். பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டவில்லை. புதுசுக்கு விழுந்தது நடுப் பங்கு.

"ஏன் எனக்கு மட்டும் ஒடுக்கமா இருக்கு?" என்று அவன் கேட்டது எனக்குக் கேட்டது. பெயிண்டர் விளக்கினார். பெயிண்டர் விளக்கினால் யாருக்குப் புரியும், அவருக்கே பல் போன பிறகு பாதிப் பேச்சு காற்றாகத்தான் வரும். "மூணு பேரும் சேர்ந்து ஏமாத்துறீங்களா? புது ஆளுன்னா கேனையனா?" குரல் ஏறியது. அண்ணன் எழுந்து வெளியே போனான், பாட்டிலை வாங்கிக் கவிழ்த்துக் காட்டத்தான் போனான். கை நீட்டி அதைப் பிடித்ததும், பறிக்க வருகிறான் என்று புதுசுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சாக்கடை ஓரத்தில் கிடந்த உடைந்த பாட்டில் ஒன்று அவன் கைக்கு வந்தது. நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் தெருவே சேர்ந்து அவனைப் போட்டு மிதித்தது. நானும் மிதித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

மூடி திறக்காத அந்தப் பாட்டில் நூலோடு அப்படியே எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

தையல் போட்டு, பெரிதாகக் கட்டுப் போட்டு, அண்ணனை ஆண்கள் வார்டில் படுக்க வைத்தார்கள். கட்டைவிரலை மடக்குகிற நரம்பு அறுந்திருக்கிறது, சேர்த்துத் தைத்திருக்கிறேன், மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றாள் டாக்டரம்மா. மடங்காத கட்டைவிரலை வைத்துக்கொண்டு கத்திரிக்குள் எப்படி விரலை விடுவான் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் வேறு பக்கம் பார்த்தாள்.

வார்டில் சுற்றிப் பார்த்தேன். தலையில் கட்டு, தாடையில் கட்டு, விலாவில் கட்டு. துணைக்கு இருந்த பெண்களிடம் விசாரித்தேன். "என் வீட்டுக்காரரு பாத்ரூம்ல வழுக்கிட்டாரு." "என் தம்பியும் பாத்ரூம்லதான்." "எங்க அப்பாவும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருவில் எட்டு வீட்டுக்கு ஒரு பாத்ரூம். இந்த ஊரில் வழுக்கி விழ இத்தனை பாத்ரூம் யார் கட்டிக் கொடுத்தார்கள்? கேட்டதும் எதிர்க்கட்டில் அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மதுக்கடையைச் சுற்றி அடிதடி என்று ஒரு கேஸ் பதிவானால் அந்த ஸ்டேஷனுக்குக் கெட்ட பெயர், பெரிய அதிகாரிக்கு மாற்றல், ஒன்றும் பதிவாகாவிட்டால் பாராட்டு என்று அதற்கும் ஒரு உத்தரவு இருக்கிறதாம். அவள்தான் சொன்னாள். ஆஸ்பத்திரி முழுக்க 'நல்லதுக்கு' மாதிரியான ஆட்கள் நடமாடுவது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வார்டின் கடைசியில் ஒரு அறை பூட்டிக் கிடந்தது. குடியை விட நினைக்கிறவர்களுக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைக்கிற அறையாக இருந்ததாம். புதுச் சட்டத்தில் குடி குறைந்துவிடும், இனி எதற்கு என்று மூடிவிட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உடைந்த கட்டில்களும், புதுச் சட்டத்தை வாழ்த்துகிற, பாதி சுருட்டிய பேனர்களும் கிடந்தன.

பொழுது சாய்கிற நேரத்தில் ஸ்ட்ரெச்சரில் ஒருவனைக் கொண்டுவந்து அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். முகம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. "லாரியிலேர்ந்து விழுந்தவர்" என்றாள் நர்ஸ். நான் எழுந்து நின்றுவிட்டேன். புதுசு!

"இவனை இங்க போடாதீங்க. வேற இடத்துல போடுங்க!"

"வேற கட்டில் இல்லம்மா. நீங்க வேணும்னா வராண்டாவுல உக்காருங்க."

அண்ணன் இடது கையால் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். மறுநாள் வரைக்கும் அந்த இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். புதுசின் உடம்பு விடாமல் நடுங்கியது. கட்டில் இரும்பு சத்தம் போட்டது. அவனுக்கு ஆள் யாரும் வரவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை, சத்தம்தான் எரிச்சலாக இருந்தது.

காலையில் அவனே பேசினான். "அண்ணே."

"என்ன?" என்றான் அண்ணன்.

"நான் குடிச்சிருக்கல அண்ணே. பாட்டிலே தொறக்கல. எல்லாரும் குடிச்சிட்டு வெட்டினேன்னு சொல்வாங்க. குடிக்காததுதாண்ணே... முந்தின நாள்லேர்ந்து கை நிக்கவே இல்ல. கண்ணு இருட்டிட்டு இருந்துச்சு."

"விட முடியலன்னா ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியதுதானேடா?" என்று நான் சீறினேன்.

"வந்தேங்க்கா. இங்கதான் வந்தேன்." தலையைத் திருப்பிப் பூட்டின அறையைக் காட்டினான். "பூட்டிருந்துச்சு."

என் கோபம் அவனைத் தாண்டி வேறு எங்கேயோ போய், எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்தது. அவன் அண்ணனைப் பார்த்துக் கேட்டான்: "உண்மையிலேயே அந்த நடுப் பங்கு சரியாத்தான் இருந்துச்சா அண்ணே?"

அண்ணன் அவன் தலைமாட்டைக் காட்டினான். தண்ணீர் பிடித்துவைக்க நர்ஸ் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்த பாட்டில், அதே முழுப் பாட்டில்தான். "அதைத் தூக்கு. அடியில கட்டைவிரலை வை."

நடுங்குகிற கையால் அவன் பாட்டிலைத் தூக்கி, அடியில் தடவி, குழிக்குள் விரலை விட்டான். விரல் பாதி உள்ளே போயிற்று. பிறகு குழந்தை மாதிரி ஓவென்று அழுதான். "நான்தாண்டா காட்டாம விட்டுட்டேன். யூனிஃபார்ம் அவசரம்" என்றான் அண்ணன். சட்டம் போட்டவன் எல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்திருப்பான். விரல் போனவன் தன் மேல் தப்பு என்கிறான்!

அன்றைக்குப் பார்த்து வார்டைக் கழுவி, பினாயில் தெளித்து, எல்லோருக்கும் புதுப் போர்வை கொடுத்தார்கள். புதுச் சட்டம் வந்து ஒரு வருஷம் ஆகிறதாம். அதன் பலனை நேரில் பார்க்க, அந்தச் சட்டத்தைப் போட்ட துறையின் மேலதிகாரி வருகிறாராம். வந்தவர் ஒரு அம்மா. நல்ல கைத்தறிப் புடவை, பார்டரை எனக்குத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. மெதுவான குரல். கெட்டவராகத் தெரியவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு கட்டிலாக நின்று, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். பாத்ரூம், பாத்ரூம், மாடிப்படி, பாத்ரூம். "வழுக்காத தரை போடணும், அதுக்கு ஒரு திட்டம் யோசிக்கலாம்" என்று கூட வந்தவரிடம் அக்கறையாகச் சொன்னார். பின்னால் 'நல்லதுக்கு' விறைப்பாக நின்றார். டாக்டரம்மா பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அண்ணன் கட்டிலுக்கு வந்தார்கள். "கத்திரி பட்டுடுச்சு" என்றான் அண்ணன்.

"ஐயோ! கவனமா இருக்கக் கூடாதா?" என்றார் மேடம். பிறகு எங்களுக்குச் சந்தோஷம் தருகிற செய்தி போலச் சொன்னார்: "முன்னைவிட வித்த பாட்டில் பாதியா குறைஞ்சிருக்கு. கடைகளைச் சுத்தி ஒரு அடிதடி கேஸ்கூட இல்ல. உங்களை மாதிரி உழைக்கிறவங்க குடும்பத்துக்காகத்தான் இவ்வளவும்."

என் வாய் சும்மா இருக்குமா? "பாட்டில் பாதியாச்சு மேடம். ஆனா பாட்டிலோட சைஸ் நாலு மடங்காச்சே?"

மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். கிண்டல் இல்லை, நிஜமான சிரிப்பு. "நல்ல கேள்வி. குறிச்சுக்கோங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர் செல்போனை எடுத்து என்னை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அவர்கள் திரும்பும்போதுதான் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மேடம். அவரை வெட்டினது நான்தான்."

புதுசு முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். "கத்திரி இல்ல மேடம். உடைஞ்ச பாட்டில். பங்கு சண்டை. நான் லாரிலேர்ந்தும் விழல."

'நல்லதுக்கு' ஒரு அடி முன்னால் வந்தார். "தலையில அடி மேடம். போதை வேற. நேத்துலேர்ந்து இப்படித்தான் உளறிட்டு இருக்கான்."

மேடம் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா வாயைத் திறந்தாள். திறந்ததை நான் பார்த்தேன். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டாள், அவ்வளவுதான். "பாவம், நல்லா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பாத்ரூம். மாடிப்படி. பாத்ரூம். வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். அதைச் சொன்னவன் ஒருத்தன், அவன்தான் உளறுகிறானாம். புதுசு மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தான். நடுக்கம் திரும்ப ஆரம்பித்தது. நான் என்னுடைய போர்வையையும் எடுத்து அவன் மேல் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கார்கள் கிளம்பிப் போன பிறகு 'நல்லதுக்கு' மட்டும் திரும்பி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கையில் எழுதின தாள் ஒன்றும், சின்ன மைப்பெட்டியும்.

"டெய்லர், இதுல ஒரு கையெழுத்து. உன் கை சரியில்ல, பரவால்ல, இடது கட்டைவிரல் வெச்சாப் போதும். அந்தப் பைத்தியம் உளறினதால இன்னிக்கே முடிச்சிடச் சொல்லிட்டாங்க. உன் நல்லதுக்குத்தான்." மைப்பெட்டியின் மூடி இறுகியிருந்தது. "கொஞ்சம் திற தங்கச்சி" என்று என்னிடம் நீட்டினார்.

அதே நேரம் என் போன் அடித்தது. அண்ணி. கடையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். "யாரோ ரெண்டு பேரு வந்து கடையை வெளியிலேர்ந்து போட்டோ எடுக்கறாங்கடி. சீல் வெக்கிற ஆளுங்க மாதிரி இருக்கு. யூனிஃபார்ம் வேற பாதியில கிடக்கு. என்ன பண்ண?" நேற்றிலிருந்து கத்திரி இல்லை, கத்திரி இல்லை என்று உள்ளுக்குள்ளே கத்திக்கொண்டிருந்தவள் நான்தான். இப்போது, அண்ணா, பேசாமல் வைத்துவிட்டு வந்துவிடேன் என்று சொல்லத் தோன்றியது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மைப்பெட்டியைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

அண்ணன் இடது கட்டைவிரலை மையில் அழுத்தினான். "என்ன எழுதியிருக்குன்னு படி" என்றான் என்னிடம்.

படித்தேன். தையல் தொழில் செய்யும் இன்னார், தன் கடையில் துணி வெட்டும்போது, தன் கவனக்குறைவால், தன் கையிலிருந்த கத்திரி தவறி, தன் கையையே வெட்டிக்கொண்டதாகவும், இதில் வேறு யாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும் எழுதியிருந்தது. கவனக்குறைவு என்ற இடத்தை இன்னொரு தடவை படித்தேன்.

"வேறு யாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லையா?" என்றான் அண்ணன்.

"அதெல்லாம் வழக்கமா எழுதறதுதான்யா. வை, மை காயுது."

அண்ணன் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். புதுசு இரண்டு போர்வைக்குள்ளும் நடுங்கிக்கொண்டு, மூடாத ஒற்றைக் கண்ணால் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். தாளைப் பிடித்திருந்த போலீஸ்காரரின் கை காத்திருந்தது. அண்ணன் விரலை மெதுவாகக் கீழே கொண்டுவந்தான். தாளுக்குக் கொண்டுவரவில்லை. மடியில் கிடந்த தன் வலது கையின் வெள்ளைக் கட்டின் மேல், நிதானமாக, துணியில் பட்டன் இடத்தைக் குறிக்கிற மாதிரி அழுத்தி எடுத்தான். கட்டின் மேல் நீலமாக அவன் ரேகை விழுந்தது.

"என்னய்யா பண்ற?" என்றார் 'நல்லதுக்கு'. குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. "பரவால்ல. இன்னொரு தடவை தொட்டுக்கோ" என்று மைப்பெட்டியை மறுபடி நீட்டினார்.

அண்ணன் கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்தான். போனில் அண்ணி, "ஏய், இருக்கியா? இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மைப்பெட்டியின் மூடி என் கையில் இருந்தது.